அப்போ, வலி பொய்யா?

அந்த ஃபிலிமை எங்கள் வீட்டுக் கூடத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துக்கொண்டு நான்கு பேர் அண்ணாந்து பார்த்தோம். நான், என் மகன், ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா, ஃபிலிமுக்குச் சொந்தக்காரியான என் மனைவி. அண்ணாந்து பார்த்தால் அவளுக்குக் கழுத்து வலிக்கும் என்பது அப்போது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை!

ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்த எலும்புகள். பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. என்ன பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. கூடவே வந்த ரிப்போர்ட்டில் எனக்குப் புரிந்தது எண்கள் மட்டும்தான். கழுத்தில் ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு நடுவே தண்டுவடக் கால்வாயின் முன்பின் அகலம் 11.5 மில்லிமீட்டர். அதே வாரம் எடுத்த எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் இன்னோர் எண், 0.78. இரண்டுக்கும் பக்கத்தில் 'குறுகல்' என்று அர்த்தம் வரும் ஓர் ஆங்கில வார்த்தை.

"பாவம்டா... இவ்வளவையும் தாங்கிட்டா இருந்திருக்கா?" என்றார் அம்மா.

மறுநாள் காலையில் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். மகன் யாரும் சொல்லாமலே இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்த்தான். அம்மா தேங்காய் துருவ உட்கார்ந்தார். நான் காபி போட்டேன். நல்ல மாற்றம்தானே என்கிறீர்களா? நல்ல மாற்றம்தான். ஆனால் என் மனைவிக்குக் கழுத்து வலி வந்து அதற்குள் மூன்று வருடம் ஆகியிருந்தது.

அந்த மூன்று வருடமும் அவள் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். ஸ்கூல் டீச்சர். சேலையூரிலிருந்து குரோம்பேட்டைக்கு தினமும் ஸ்கூட்டர். ராத்திரி கட்டுக்கட்டாக நோட்டு திருத்தல். "கழுத்தைத் திருப்ப முடியலைங்க" என்பாள். நான் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "தைலம் தேய்ச்சியா?" என்பேன். அம்மா, "நாங்கல்லாம் அம்மி அரைச்ச காலத்துல இதெல்லாம் பார்த்தோமா?" என்பார். மகன் ஒன்றுமே சொல்ல மாட்டான். கெட்ட மனிதர்கள் இல்லை நாங்கள். பழகிப்போனவர்கள். தினமும் கேட்கிற சத்தம் காதில் விழாது, ரயில் பாதை ஓரத்தில் வீடு கட்டியவருக்கு ரயில் சத்தம் கேட்காதது மாதிரி.

ஒரு ஃபிலிம் வந்ததும் எங்கள் காது திறந்துவிட்டது. இந்தக் கட்டுரை அந்தக் காதைப் பற்றியது.

முதலில் அந்த எண் என்ன என்று பார்த்துவிடுவோம். நம் கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் ஒரு வளையம். வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்போது ஒரு குழாய் கிடைக்கிறது. அதுதான் கால்வாய். அதன் வழியாகத்தான் மூளையிலிருந்து கை, கால், சிறுநீர்ப்பை என்று எல்லாவற்றுக்கும் உத்தரவு கொண்டுபோகும் தண்டுவடம் இறங்குகிறது. சுற்றிலும் அதற்கு மெத்தை போல ஒரு திரவம். பாடப் புத்தகங்கள் பெரியவர்களுக்கு மூன்றாவது எலும்பிலிருந்து ஏழாவது எலும்பு வரை இந்தக் கால்வாய் சுமார் 17, 18 மில்லிமீட்டர் என்கின்றன. 13-க்குக் கீழே போனால் குறுகல். 10-க்குக் கீழே போனால் நிச்சயமான குறுகல். இதில் பாதி பிறப்போடு வருவது. சிலருக்கு எலும்பு வளையமே சின்னது. மீதி வயதோடு வருவது. ஜவ்வு பிதுங்கும், எலும்பு ஓரத்தில் கூர் வளரும், உள்ளே இடம் குறையும்.

என் மனைவி இந்தக் கணக்கை என்னைவிட வேகமாகப் போட்டுவிட்டாள். ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு என்னை எழுப்பி, "என்னங்க... பத்துக்கும் பதினொன்றரைக்கும் நடுவுல ஒண்ணரை மில்லிமீட்டர்தான் மிச்சம் இருக்கு" என்றாள். மூன்று வருடம் வலியோடு ஸ்கூட்டர் ஓட்டியவள், எண்ணைப் பார்த்த பிறகு ஸ்கூட்டரைத் தொடவில்லை. கொடியில் துணி போட அண்ணாந்து பார்க்கப் பயந்தாள். தும்மல் வந்தால்கூடக் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். வலி கூடவில்லை. பயம்தான் புதிதாகக் குடிவந்திருந்தது.

அப்புறம்தான் இன்னொரு டாக்டரிடம் போனோம். அவர் ஃபிலிமைக் கையில் வாங்கவே இல்லை. "அப்புறம் பார்க்கலாம், முதல்ல நீங்க சொல்லுங்கம்மா" என்றார். எப்போது வலிக்கிறது, தூக்கம் எப்படி, கை மரத்துப்போகிறதா, தட்டு கிட்டு கைநழுவுகிறதா என்று கேட்டார். சின்னச் சுத்தியலால் முழங்கையிலும் முழங்காலிலும் தட்டினார். குதிகாலை விரலோடு ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார். கையை நீட்டி விரல்களை மூடித் திறக்கச் சொல்லி, வாட்ச்சைப் பார்த்து எண்ணினார். பத்து செகண்டில் இருபது தடவைக்கு மேல் மூடித் திறந்தால் சரியாம். அவள் இருபத்தாறு தடவை செய்தாள்.

கடைசியாக ஃபிலிமைப் பார்த்தார். "தண்டுவடத்தைச் சுத்தி இன்னும் திரவம் இருக்கு, நசுங்கலை. இந்த அளவு உங்க வயசுல நிறையப் பேருக்கு இருக்கும். உங்க வலி இந்தக் குறுகலாலதான்னு என்னால சொல்ல முடியாது. தசை, மூட்டு, தூக்கம், குனிஞ்சே வேலை பார்க்கறது... எல்லாமே இருக்கலாம். எக்சர்சைஸ் பண்ணுங்க, ஸ்கூட்டர் ஓட்டுங்க, பயப்படாதீங்க" என்றார்.

வெளியே வந்ததும் எனக்கு ஒரு பெரிய நிம்மதி. அதைத் தாங்க முடியாமல் ஒரு வார்த்தை விட்டேன். "அப்பாடா! அப்போ ஒண்ணும் இல்லை!"

அவள் நடையை நிறுத்தினாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்கள் அலறிக்கொண்டு போயின. என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"அப்போ, வலி பொய்யா?"

இன்று வரை அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத்தான் முயன்றுகொண்டிருக்கிறேன்.

நான் பி.காம். படித்தவன். மருத்துவம் தெரியாது, விகிதம் தெரியும். அதனால் அந்த 0.78-ஐப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். அதன் பெயர் டார்க் - பாவ்லோவ் விகிதம். (மணி அடித்து நாய்க்கு எச்சில் ஊற வைத்தாரே, அந்த பாவ்லோவ் இல்லை. இவர் ஹெலன் பாவ்லோவ் என்ற அமெரிக்கப் பெண் எக்ஸ்ரே நிபுணர்.) அமெரிக்கக் கால்பந்தில் தலையால் மோதிக்கொள்ளும் ஆட்டக்காரர்கள் சிலருக்குக் கைகால் கொஞ்ச நேரம் செயலிழந்து, பிறகு தானாகச் சரியாகும். ஜோசஃப் டார்க் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் இதை ஆராய்ந்து 1986-ல் எழுதினார்கள். அப்படிப்பட்டவர்களுக்குக் கால்வாய் குறுகலா என்று எக்ஸ்ரேயில் அளக்க வேண்டும். அதில் ஒரு சிக்கல். எக்ஸ்ரே என்பது நிழல். சுவரில் விழும் நம் நிழல், விளக்கு நகர நகரப் பெரிதாகும், சிறிதாகும். எக்ஸ்ரேயிலும் கழுத்துக்கும் ஃபிலிமுக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்து மில்லிமீட்டர் மாறிவிடும். இதற்கு ஒரு கெட்டிக்கார வழி கண்டுபிடித்தார்கள். கால்வாயின் அகலத்தை அதற்கு முன்னால் இருக்கும் எலும்பின் அகலத்தால் வகுத்துவிடு! நிழல் பெரிதானால் இரண்டும் சேர்ந்துதான் பெரிதாகும், விகிதம் மாறாது. பொதுவாக 1-ஐ ஒட்டி வரும். 0.8-க்குக் கீழே போனால் குறுகல். 1987-ல் வந்த பாவ்லோவ் குழுவின் கட்டுரையில் ஒப்பிடப்பட்டவர்கள் 23 நோயாளிகளும் 49 மற்றவர்களும்.

படித்தபோது எனக்குக் கல்லூரியில் மனப்பாடம் செய்த 'கரன்ட் ரேஷியோ' ஞாபகம் வந்தது. நடப்புச் சொத்தை நடப்புக் கடனால் வகுத்தால் 2 வரணும், வந்தால் கம்பெனி ஆரோக்கியம் என்று எழுதி மார்க் வாங்கினோம். ஆனால் உங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சரக்கு ஒரு மாதக் கடனில் வரும், விற்பனை அன்றன்றைக்கு ரொக்கம். விகிதம் 1 கூட வராது. கடை ஜே ஜே என்று நடக்கும். விற்காத சரக்கை அடுக்கி வைத்து இரண்டரை காட்டும் கம்பெனி அடுத்த வருடம் திவாலாகும். விகிதம் பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்விக்குத்தான் அது பதில் சொன்னது. நாம் கேட்க மறந்த கேள்விக்கு அது பொறுப்பில்லை.

கழுத்து விகிதத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. வகுத்தலில் கீழே இருக்கும் எண் பெரிதானாலும் விடை சின்னதாகும் இல்லையா? மலை மாதிரி உடம்புள்ள ஆட்டக்காரர்களுக்கு எலும்பும் பெரிது. அதனால் கால்வாய் நன்றாக இருந்தும் விகிதம் இறங்கியது. 1990-ல் வெளியான ஓர் ஆய்வில், எந்தத் தொந்தரவும் இல்லாத தொழில்முறை ஆட்டக்காரர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு 0.8-க்குக் கீழே! டார்க்கின் குழுவே 1996-ல், இந்த விகிதத்தை வைத்துக்கொண்டு ஆட வருகிறவர்களை வடிகட்டக் கூடாது என்று எழுதியது. தன் அளவுகோலின் எல்லையைத் தானே வரைந்து காட்டியவருக்கு ஒரு சல்யூட்.

எக்ஸ்ரே நிழல்தான், ஸ்கேன் அப்படி இல்லையே என்பீர்கள். உண்மைதான். எம்.ஆர்.ஐ. ஜவ்வைக் காட்டும், தண்டுவடத்தைக் காட்டும், சுற்றியுள்ள திரவத்தைக் காட்டும். ஆனால் அதையும் வலியே இல்லாதவர்களுக்கு எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 1990-ல் அமெரிக்காவில் போடன் என்பவரின் குழு, கழுத்துத் தொந்தரவே இல்லாத 63 பேருக்கு எடுத்தது. 40 வயதுக்கு உட்பட்டவர்களில் 14 சதவிகிதம், 40-ஐத் தாண்டியவர்களில் 28 சதவிகிதம் பேருக்குப் படத்தில் பெரிய கோளாறு. 2015-ல் ஜப்பானில் நகாஷிமா குழு 1,211 பேருக்கு எடுத்தது. எல்லோரும் நன்றாக இருந்தவர்கள். அவர்களில் 87.6 சதவிகிதம் பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது! இருபதுகளில் இருந்தவர்களிலேயே முக்கால்வாசிப் பேருக்கு.

இதைப் படித்துவிட்டு ரயிலில் என்னைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். இத்தனை கழுத்துகள்! எல்லோரையும் பல்லாவரத்திலோ பெருங்களத்தூரிலோ இறக்கி ஸ்கேன் மெஷினில் படுக்க வைத்தால், பெரும்பாலோர் கையில் பயமுறுத்தும் ரிப்போர்ட்டோடுதான் வீட்டுக்குப் போவார்கள். நரைமுடி மாதிரி, நெற்றிச் சுருக்கம் மாதிரி, இதுவும் வயதின் கையெழுத்து. உள்ளே இருப்பதால் நோயாகத் தெரிகிறது.

அப்படியானால் அளப்பதே வீண் வேலையா? அவசரப்படாதீர்கள்.

எங்கள் தெருவில் ரயில்வேயிலிருந்து ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவர் இருக்கிறார். காலையில் கேம்ப் ரோடு வரை வாக்கிங் போவார். ஒரு கட்டத்தில் செருப்பு அடிக்கடி காலிலிருந்து கழன்று பின்னாலேயே தங்கிவிட ஆரம்பித்தது. கழன்றதுகூடத் தெரியாமல் நாலு அடி போய்விடுவார். சட்டைப் பித்தான் போட நேரம் பிடித்தது. கையெழுத்து மாறி பேங்க்கில் செக்கைத் திருப்பினார்கள். "வயசாயிடுச்சு சார்" என்று சிரிப்பார். கழுத்து வலி? துளிகூட இல்லை. வலி இல்லாததால் அவரும் கவலைப்படவில்லை, வீட்டிலும் யாரும் கவலைப்படவில்லை. மகள்தான் விடாப்பிடியாக அழைத்துப் போனாள். ஸ்கேனில் தண்டுவடம் நசுங்கியிருந்தது தெரிந்தது. ஆபரேஷன் நடந்தது. இழந்ததெல்லாம் திரும்பி வரவில்லை. ஆனால் சரிவு நின்றது, இப்போது பித்தான் போட்டுக்கொள்கிறார்.

தண்டுவடம் நசுங்கும்போது பல சமயம் வலிப்பதில்லை என்கிறார்கள் டாக்டர்கள். விரல்கள் சொன்ன பேச்சு கேட்காமல் போவது, நடை தடுமாறுவது, கைகால் பலம் குறைவது, சிறுநீர் கட்டுப்பாடு தவறுவது, இவைதான் மணி அடிக்கும். அடிபட்ட கழுத்து, காய்ச்சலோடு வரும் கழுத்து வலி, காரணமில்லாமல் எடை குறைவது, இதெல்லாமும் உடனே பார்க்க வேண்டியவை. அந்த இடத்தில் கால்வாயின் ஒவ்வொரு மில்லிமீட்டரும் பொன். அங்கே அளக்காமல் விடுவதுதான் பாவம்.

இனி மூன்றாவது ஆள். பிசியோதெரபிக்குப் போன இடத்தில் என் மனைவிக்கு அறிமுகமானவள். ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் தையல் மெஷினில் குனிந்தே எட்டு மணி நேரம். கழுத்திலிருந்து தோள்பட்டை வரை இழுக்கும் வலி. இரண்டு நாள் லீவு கேட்டபோது சூப்பர்வைசர், "ரிப்போர்ட் இருக்கா?" என்றார். கடன் வாங்கி ஸ்கேன் எடுத்தாள். படம் சுத்தம். கால்வாய் தாராளம். "அதான் ஒண்ணும் இல்லையேம்மா, லீவு எதுக்கு?" என்று கேட்டுவிட்டார்கள். தன் சாட்சிக்கென்று காசு கொடுத்து அழைத்துப் போன ஃபிலிம், அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

மூன்று கழுத்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் மனைவிக்கு வலி உண்டு, குறுகல் உண்டு, ஆனால் இரண்டுக்கும் உறவு நிச்சயமில்லை. பெரியவருக்குக் குறுகல் உண்டு, வலி இல்லை. தையல்காரப் பெண்ணுக்கு வலி உண்டு, குறுகல் இல்லை. அளவு எல்லோருக்கும் சரியாகவே எடுக்கப்பட்டது. தவறு அதற்கு வெளியே நடந்தது.

ஆடிட்டர் ஆபீஸில் கொஞ்ச நாள் வேலை பார்த்திருக்கிறேன். அங்கே ஒரே மந்திரம்தான். வவுச்சர் எங்கே? ரசீது இல்லாத செலவைக் கணக்கில் ஏற்ற மாட்டார்கள். ஆனால் பணம் செலவாகவில்லை என்று எந்த ஆடிட்டரும் சொல்ல மாட்டார். "நான் ஏற்க முடியாது" என்பது வேறு, "நடக்கவே இல்லை" என்பது வேறு. வலி என்பது வவுச்சர் இல்லாத செலவு. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்த ராத்திரிக்கு யார் ரசீது தருவார்கள்? உலகத்தில் வேறு எந்த விஷயத்துக்கும் இரண்டாவது சாட்சி கிடைக்கும். வலிக்குக் கிடையாது. அனுபவிக்கிறவர் ஒருவர்தான். அதனால்தான் அவர் வாய்ச்சொல்லைத் தவிர நமக்கு வேறு கதியில்லை. அதனால்தான் அந்த வாய்ச்சொல்லைச் சந்தேகிப்பதும் நமக்கு ரொம்ப சுலபம்.

இங்கே நீங்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்கலாம். வலி என்று நடிப்பவர்களே இல்லையா சார்? இருக்கிறார்கள். லீவுக்காக, இன்ஷூரன்ஸுக்காக, மாமியாரிடம் தப்பிப்பதற்காக. கோர்ட்டும் கம்பெனியும் காகிதம் கேட்பதை ஒரேயடியாகத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, கால்வாயின் அகலம் வலிக்கு வவுச்சரே இல்லை. காய்கறிச் செலவுக்குப் பெட்ரோல் பில்லைக் காட்டுகிற மாதிரி அது. பில் நிஜம், சம்பந்தம்தான் இல்லை. இரண்டு, வீடு ஆடிட் ஆபீஸ் இல்லை. பொய் சொல்லும் ஒருத்தரை நம்பினால் என்ன நஷ்டம்? ஒரு காபி கூடுதலாகப் போட வேண்டியிருக்கும். உண்மை சொல்லும் ஒருத்தரை நம்பாமல் விட்டால்? என் வீட்டில் அது மூன்று வருடம்.

அதிலும் யாருடைய வலிக்கு நாம் ரசீது கேட்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு ஒரு தடவை முதுகு பிடித்துக்கொண்டபோது வீடே என்னைச் சுற்றி நின்றது. ஒருத்தரும் ஃபிலிம் கேட்கவில்லை.

தாம்பரத்துக்காரர்களுக்கு இது தெரியாத பாடம் இல்லை. நம் ரயில்வே ஸ்டேஷன் ஒன்றுக்கே சானடோரியம் என்று பெயர். 1928-ல் டாக்டர் சௌரி முத்து இங்கே காசநோயாளிகளுக்காக ஆரம்பித்தது, 1937-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இன்றைக்கு நெஞ்சக நோய்க்கான அரசு மருத்துவமனை. காசநோயில் எக்ஸ்ரேதான் பெரிய சாட்சி. 1955 முதல் 58 வரை நாடு தழுவிய கணக்கெடுப்பே எக்ஸ்ரே எடுத்துத்தான் நடந்தது. அப்புறம், பெங்களூரில் உள்ள தேசிய காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த பானர்ஜியும் ஆண்டர்சனும் தும்கூர் பகுதியில் ஒரு வித்தியாசமான வேலை செய்தார்கள். படத்திலும் சளியிலும் நோய் தெரிந்தவர்களைத் தேடிப் போய், "உங்களுக்கு என்ன செய்தது, நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று உட்கார்ந்து கேட்டார்கள். 1963-ல் வெளிவந்த பதில் யோசிக்க வைக்கும். பெரும்பாலோருக்குத் தங்கள் உடம்பில் ஏதோ சரியில்லை என்று தெரிந்தே இருந்தது. சுமார் பாதிப் பேர் ஏற்கெனவே வைத்தியம் தேடிப் போயும் இருந்தார்கள். போனவர்களில் பலருக்குக் கிடைத்தது இருமல் மருந்து பாட்டில்தான்.

நோயாளி சொல்லாமல் இல்லை. கேட்கத்தான் ஆள் இல்லை. எக்ஸ்ரே வண்டியோடு ஊர் ஊராகப் போவதைவிட, இருமலோடு தானாக வருகிறவரைக் கவனித்து, அவர் சளியைச் சோதிப்பது என்ற வழியை நம் தேசியத் திட்டம் எடுத்ததற்கு இந்த மாதிரி ஆய்வுகளும் ஒரு காரணம். சோதனை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வரிசையை மாற்றினார்கள். முதலில் காது, பிறகு கருவி.

கழுத்துக்கும் அந்த வரிசைதான் என்று நினைக்கிறேன். அடுத்த தடவை யாராவது உங்கள் கையில் ஓர் எண்ணைக் கொடுத்தால் அதை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். என் வயதில் வலி இல்லாதவர்களுக்கு இது எவ்வளவு இருக்கும்? என் தொந்தரவுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? என் கையையும் காலையும் சோதித்தபோது என்ன தெரிந்தது? இந்த மூன்றையும் கேளுங்கள். டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எண்ணை மறைக்க வேண்டாம், அது நோயாளியின் சொத்து. ஆனால் தனி எண் பாதி உண்மைதான். மீதிப் பாதியைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம் கிடைக்காமல்தான் ஒருத்தி ராத்திரி இரண்டு மணிக்கு ஒன்றரை மில்லிமீட்டர் எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஆனால் பெரிய பொறுப்பு டாக்டருக்கு இல்லை. அவர் பார்ப்பது பத்து நிமிடம். மீதி நாள் முழுக்கக் கூட இருப்பது நீங்களும் நானும்தான். அவள் கேட்டதற்கு இப்போது எனக்குத் தெரிந்த பதில் இதுதான்: "வலி நிஜம். அளவும் நிஜம். ஒன்றுக்கு மற்றொன்று சாட்சி இல்லை. உன் வலிக்கு நீதான் சாட்சி, அதற்கு மேல் எனக்கு எதுவும் தேவையில்லை." இதை அன்றைக்கே, ஜி.எஸ்.டி. ரோட்டில் வைத்தே சொல்லியிருக்க வேண்டும்.

அந்த ஃபிலிம் இப்போது பீரோ மேலே, பழைய காலண்டர்களோடு கிடக்கிறது. அவள் ஸ்கூட்டர் ஓட்டுகிறாள். எக்சர்சைஸ் செய்கிறாள், சில நாள் ஏமாற்றுகிறாள். வலி குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. பரீட்சை பேப்பர் திருத்தும் மாதங்களில் திரும்ப வரும்.

போன வாரம் ராத்திரி நோட்டுக் கட்டை மூடி வைத்துவிட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் பேப்பரைக் கீழே வைத்தேன்.

"எங்க வலிக்குது?" என்று கேட்டேன்.

காட்டினாள்.